லாரிக்குப் புது ரேடியேட்டர்

என் மாமா சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கிறார். அவரே முதலாளி. அவரே டிரைவர். லாரிக் கடன் இன்னும் முடியவில்லை.

2023ஆம் ஆண்டு மே மாதம். பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றினார். மகாராஷ்டிரத்தில் உள்ள நாக்பூருக்குப் போனார். கடுமையான வெயில். ஹிங்கன்காட் என்ற ஊர் அருகே வண்டியின் முன்னால் ஆவி வந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. மாமா வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தினார்.

கிளீனர் பையன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். மாமா அவன் கையைத் தட்டிவிட்டார். ஏன் தெரியுமா? ரேடியேட்டரும் குக்கர் மாதிரிதான். உள்ளே அழுத்தம் இருக்கும். அதனால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் ஒரே நொடியில் பீறிட்டு அடிக்கும். முகம் வெந்துவிடும். மூடி ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

ஆறிய பிறகு பார்த்தார்கள். கீழ் டேங்க் பிளந்திருந்தது. பித்தளை டேங்க் என்றால் ஈயம் வைத்துப் பற்ற வைக்கலாம். இது பிளாஸ்டிக் டேங்க். மாற்றத்தான் வேண்டும்.

மாமா பஸ் ஏறி நாக்பூர் போனார். லாரிக் கம்பெனியின் ரேடியேட்டர் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். வேறு கம்பெனி செய்தது உடனே கிடைத்தது. விலையும் குறைவு. அதை வாங்கினார்.

வேறு கம்பெனி சாமான் என்றாலே போலி என்று நினைக்காதீர்கள். தன் பெயரைப் போட்டு, தானே செய்து விற்பது ஒன்று. அதில் நல்லதும் உண்டு. அடுத்தவர் பெயரைப் போட்டு விற்பதுதான் போலி. மாமா வாங்கியது போலி அல்ல. ஆனால் அது அவர் வண்டிக்கு உரியது அல்ல!

அதன் கீழ்க் குழாய் வாய் சிறியது. பழைய ரேடியேட்டர் பக்கத்திலேயே கிடந்தது. யாரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஓஸ் தொளதொள என்று இருந்தது. ஃபிட்டர் ரப்பர் துண்டு சுற்றி, கிளிப்பை முறுக்கிவிட்டார். பூட்டிபோரி வருவதற்குள் ஓஸ் கழன்றது. தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது.

கடைக்காரர் மாற்றித் தர மறுத்தார். பில்லில் 'ரேடியேட்டர் 1' என்று மட்டும்தான் இருந்தது. "ரேடியேட்டர் கேட்டீர்கள், கொடுத்தேன்" என்றார். மாமாவுக்கு அப்போது படிக்கத் தெரியாது. வாங்கிய பணம் போனது. சரக்குத் தாமதம் என்று வாடகையிலும் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது முறை கிளீனர் பையன் பழைய ரேடியேட்டரைத் துடைத்தான். ஓரத்தில் ஒரு எண் இருந்தது. அதைத் தாளில் எழுதினான். நடுவில் ஆங்கில எழுத்துகளும் இருந்தன. அவற்றைப் படம் வரைவது போலப் பார்த்து எழுதினான். ஊருக்கு ஊர் மொழி மாறும். அந்த எண் மாறாது. வேறு கடையில் அந்தத் தாளைக் காட்டினார்கள். கடைக்காரர் தன் புத்தகத்தில் பார்த்து, சரியானதை எடுத்துக் கொடுத்தார். மாமா அந்த எண்ணையும் பில்லில் எழுதச் சொன்னார்.

பட்டறையில் ஒரு சாக்கை விரித்தார்கள். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தார்கள். உயரம், அகலம், போல்ட் ஓட்டைகள், இரண்டு குழாய் வாய்கள் எல்லாவற்றையும் அளந்தார்கள். கனத்தையும் பார்த்தார்கள். கனம் கூடினால் ஃபேன் இறக்கை உரசும்.

பொருத்திய பிறகு கூலன்ட்டை மெதுவாக ஊற்றினார்கள். உள்ளே காற்று நின்றால் மறுபடியும் சூடேறும். அதனால் குளிர்ந்த என்ஜினை, மூடி போடாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்கள். குமிழி வந்தது, மட்டம் இறங்கியது. மறுபடி ஊற்றி மூடினார்கள்.

கூலன்ட் இனிக்கும். ஆனால் விஷம். கீழே சிந்தினால் நாய், மாடு நக்கிச் சாகும். குடிக்கும் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

பொருளில் தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். பில் கையில் இருக்க வேண்டும்.

மாமா இப்போது நம் வகுப்பில் படிக்கிறார். அந்த இரண்டு பில்களையும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்.

பயிற்சி: உங்கள் வீட்டில் உள்ள ஒரு பில்லை எடுங்கள். கடையின் பெயர், தேதி, பொருளின் பெயர், விலை ஆகியவற்றைப் படியுங்கள். பொருளின் எண் இருக்கிறதா? இருந்தால் நோட்டில் எழுதுங்கள்.