படுத்தால் மறையும் புடைப்பு

கேள்வி: என் கணவருக்கு வயது 52. மூட்டை தூக்கும் வேலை. இருமினால் வலது தொடை இடுக்குக்கு மேல் எலுமிச்சை அளவு புடைக்கிறது, படுத்தால் மறைகிறது. வலி இல்லை. விட்டுவிடலாமா டாக்டர்?

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது குடலிறக்கம், அதாவது ஹெர்னியா போலத் தெரிகிறது. வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. கால்சட்டைப் பைக்குள் கை விட்டால் விரல்கள் எந்தச் சாய்வில் இறங்குமோ, அதே சாய்வில் ஓடுகின்றன வெளித்தசையின் நார்கள். நடுத்தசைக்கு எதிர்ச்சாய்வு, உள்தசை குறுக்கே போகிறது. இவ்வளவு உறுதியான சுவருக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. கருவில் வயிற்றுக்குள் உருவாகும் விரை, ஏழாம் மாதவாக்கில் இந்தச் சுவர் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. வந்த வழி, பெரியவர்களிடம் சுமார் 4 செ.மீ. நீளமுள்ள சாய்வான கால்வாயாகத் தங்கிவிடுகிறது. ஆண்களுக்கு இது அதிகம் வருவது அதனால்தான். பாரம் தூக்கும்போதும் முக்கும்போதும் குடல் அந்த வழியே பிதுங்குகிறது. பெல்ட் கட்டினாலோ உடற்பயிற்சி செய்தாலோ ஓட்டை மூடாது. வலை வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையே நிரந்தர வழி. இந்த வாரமே அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.