கஞ்சா வண்டிக்கு டிக்கிப் பூட்டு போதுமா?

கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்ற கடைகள் 21 வயது நிரம்பியோருக்குக் கஞ்சா விற்கின்றன. வீடு தேடிப்போயும் கொடுக்கின்றன. விற்பனை சட்டபூர்வமாகிவிட்டதால், கொண்டுபோவதில் அவ்வளவு கவனம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்தான நினைப்பு.

நம்பிக்கை: டிக்கியைப் பூட்டினால் போதும்.
உண்மை: போதாது. நாற்புறமும் மூடிய பெட்டியிலோ கூண்டிலோ சரக்கை வைத்துப் பூட்ட வேண்டும். அந்தப் பெட்டியை வண்டிக்குள் அசையாதபடி பொருத்தியிருக்க வேண்டும். வண்டியின் உடற்பகுதி எதுவும் பெட்டியின் சுவராக இருக்கக் கூடாது. டிக்கியை நெம்பித் திறப்பவன் அதற்குள் இன்னொரு பூட்டையும் உடைத்தாக வேண்டும் என்பதே இதன் பயன்.

நம்பிக்கை: ஐந்து நிமிட வேலைதானே, வண்டியை அப்படியே விட்டுப் போகலாம்.
உண்மை: ஆளில்லாத வண்டியில் சரக்கு இருந்தால் கதவு பூட்டியிருக்க வேண்டும், அலாரமும் இயங்க வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது. கஞ்சா வருகிறது என்று காட்டும் எழுத்தோ படமோ வண்டியின் மேல் இருக்கக் கூடாது.

நம்பிக்கை: ஓட்டுநரின் செல்போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே.
உண்மை: செல்போனும் டேப்லெட்டும் கணக்கில் சேரா. அதற்கென்றே தனிக் கருவி வண்டியில் இருக்க வேண்டும். போன் ஓட்டுநரோடு இறங்கிப் போய்விடும். களவு போன வண்டியைத் தேட அது உதவாது.

நம்பிக்கை: வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம்.
உண்மை: கூடவே கூடாது. அடையாள அட்டையில் வயதைச் சரிபார்த்து, ஆர்டர் கொடுத்தவரிடமே கொடுக்க வேண்டும். வாசலில் கிடக்கும் பொட்டலத்தை முதலில் எடுப்பது அந்த வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை: இவ்வளவு கெடுபிடியும் தொழிலை நசுக்கத்தான்.
உண்மை: கஞ்சாவை அனுமதிக்காத அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்துக்கு அஞ்சிப் பல வங்கிகள் இந்தத் தொழிலை அண்டவிடுவதில்லை. அதனால் ரொக்கம் அதிகம் புழங்குகிறது. சரக்கும் பணமுமாகத் தெருவில் தனியாக நிற்பவர் ஓட்டுநர். ஒரு வண்டியில் 10,000 டாலருக்கு மேல் சரக்கு ஏற்றக் கூடாது என்ற வரம்பு, கொள்ளையடிக்க வருபவனின் ஆசையையும் குறைக்கிறது.

பெட்டிக்கும் அலாரத்துக்கும் ஆகும் செலவு முதலாளியுடையது. அவை இல்லாமல் போனால் ஆபத்து ஓட்டுநருடையது. பூட்டில்லாத வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் ஓட்டுநரை முதலாளி கடிந்துகொள்ளக் கூடாது. அன்றைக்கே பெட்டியைப் பொருத்தித் தர வேண்டும்.