ஏஜென்ட்களின் பேச்சை இன்றே பூட்டுங்கள்

உங்கள் அலுவலகத்தில் ஏஐ ஏஜென்ட்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியிருந்தால், பாதுகாப்பு வேலையில் முன்வரிசைக்கு வர இது நல்ல நேரம். ஏஜென்ட் நெறிமுறை எம்சிபி, ஏ2ஏ எதுவானாலும், பிணையத்தில் அந்தப் பேச்சு பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் வழியாகவே போகிறது. அதைக் காப்பது டிஎல்எஸ் என்ற குறியாக்க நெறிமுறை.

டிஎல்எஸ் நம்பியிருக்கும் ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு முறைகளைக் குவாண்டம் கணினியால் உடைக்க முடியும் என்பதற்கு 1994-லேயே வழி காட்டிவிட்டார் பீட்டர் ஷோர். அவ்வளவு வலுவான இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆனால் இன்றைய போக்குவரத்தைச் சேமித்து வைத்து, அது வந்தபின் திறந்து படிக்கலாம். ஏஜென்ட்கள் விஷயத்தில் இது கூடுதல் கவலை. மருத்துவமனை ஏஜென்ட் என்றால், ஒரே கோரிக்கையில் ஒரு நோயாளியின் முழு மருத்துவ வரலாறும் சேர்ந்தே போய்விடலாம்.

அதனால் முதலில் சாவிப் பரிமாற்றத்தைக் கவனியுங்கள். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட், குவாண்டம் கணினியையும் தாங்கும் வகையில் வடிவமைத்த எம்எல்-கெம் என்ற சாவிப் பரிமாற்ற முறையை 2024 ஆகஸ்டில் தரநிலையாக்கியது. அதைத் தனியாக அல்ல, பழைய எக்ஸ்25519 உடன் சேர்த்தே பயன்படுத்துங்கள். புதிய முறைகளை முழுதாக நம்பிவிட முடியாது. நிஸ்ட் பரிசீலித்துவந்த சைக் என்ற முறையை 2022-ல் சாதாரணக் கணினியே சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தது. ஓபன்எஸ்எஸ்எல் 3.5, கோ மொழியின் 1.24 பதிப்பு இரண்டிலும் இந்தக் கூட்டுமுறை இருக்கிறது. பல இடங்களில் பதிப்பை உயர்த்தினாலே போதும். தரவைக் குறியாக்கும் ஏஇஎஸ்-256ஐத் தொட வேண்டாம்; குவாண்டம் கணினிக்கு எதிராகவும் அது போதும்.

பலர் சறுக்குவது நடுவழியில். லோட் பேலன்சரிலோ கேட்வேயிலோ டிஎல்எஸ் முடிந்து, அதற்கப்பால் பழைய முறையிலேயே இணைப்பு தொடரும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சாவியின் அளவும் சிக்கல் தரலாம்: எக்ஸ்25519 பொதுச்சாவி 32 பைட். எம்எல்-கெம்-768 சாவி 1,184 பைட். முதல் செய்தியே ஒரு பாக்கெட்டுக்குள் அடங்காமல் போகலாம். சில பழைய ஃபயர்வால்கள் அங்கேயே திணறும்.

கையொப்பத்துக்கு இவ்வளவு அவசரமில்லை. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் டோக்கனை வருங்காலத்தில் போலியாக்கி யாருக்கும் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மூலச் சான்றிதழ்களும் மென்பொருள் கையொப்பச் சாவிகளும் வேறு கதை. குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் கையொப்ப முறையான எம்எல்-டிஎஸ்ஏ-65-இல் கையொப்பம் ஒன்றே 3,309 பைட் என்பதால், ஹெடரில் போகும் டோக்கனின் அளவை இப்போதே திட்டமிடுங்கள். பழைய முறைகளில் வலுக் குறைந்தவற்றை 2030-க்குப் பின் கைவிடத் தொடங்கி, எல்லாவற்றையும் 2035-க்குப் பின் தடைசெய்ய வேண்டும் என்றது நிஸ்ட்டின் 2024 வரைவு.

மேலாளரிடம் போகும்போது ஒரு பக்க அட்டவணை போதும்: எந்த இணைப்பு, எந்த முறை, அந்தத் தரவு எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும். மூன்றாவது நெடுவரிசையில் பெரிய எண் உள்ள வரியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.