முனகும் சக்கரம்: வீல் பேரிங்கைக் கண்டறிதலும் மாற்றுதலும்

மகிழுந்து ஓட்டத் தெரிந்த நம்மில் பலருக்கு அது எதன்மேல் உருண்டு ஓடுகிறது என்பது தெரியாது. இயந்திரப் பொறியியல் மாணவனாகிய எனக்கும் கடந்த பருவ விடுமுறை வரை அது ஏட்டளவில்தான் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது 2004ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. அம்மா ஈப்போவிலுள்ள ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, விடியற்காலையில் சுங்கை சிப்புட்டுக்குத் தனியாக ஓட்டி வருவார். "வண்டி ஏரோப்ளேன் மாதிரி சத்தம் போடுதுப்பா" என்றார் ஒருநாள். டயர்கள் தேய்ந்துவிட்டன, நான்கையும் மாற்ற வேண்டும் என்றனர் ஒரு பட்டறையில். மாற்றினோம். பணம் போனது, சத்தம் போகவில்லை.

பிறகு அப்பாவுக்குத் தெரிந்த போர்மேன் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவரிடம் கற்றதையும் அங்கே நான் செய்த தவறையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பேரிங் என்பது என்ன?

சக்கரம் சுழல வேண்டும். ஆனால் வண்டியின் எடை முழுவதும் அதன்மேல் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பதுதான் பேரிங். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் இதைக் 'காலாஸ்' என்று படித்தேன். தமிழில் இது 'தாங்கி'. தாங்குவதால் தாங்கி! பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது.

வெளிவளையம், உள்வளையம், இடையில் இரண்டு வரிசை எஃகுக் குண்டுகள், கிரீஸ், இருபுறமும் ரப்பர் அடைப்பு. இவ்வளவுதான் எங்கள் வீராவின் முன்சக்கரப் பேரிங். வெளிவளையம் 'நக்கிள்' எனப்படும் இரும்புப் பாகத்தின் துளைக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். சக்கரம் பூட்டப்படும் 'ஹப்' உள்வளையத்துக்குள் இறுகியிருக்கும்.

ரப்பர் அடைப்பு பழுதானால் மழைநீரும் மணலும் உள்ளே நுழையும். கிரீஸ் கெடும், எஃகு துருப்பிடிக்கும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகளில் இது விரைவாக நிகழலாம். சாலைக் குழியில் வேகமாக இறங்கினால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் பதிக்கும். அந்தப் பள்ளங்களின்மேல் குண்டுகள் உருளும் ஓசையே நாம் கேட்கும் முனகல். தேய்மானம் முற்றினால் சக்கரம் ஆடத் தொடங்கும்; அதற்குப் பிறகும் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

கண்டறிவது எப்படி?

1. பேரிங்கின் சத்தம் வண்டியின் வேகத்தோடு கூடும், குறையும். பாதுகாப்பான நேரான சாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சின் ஓசை தணிந்தும் முனகல் நீடித்தால், அது எஞ்சினிலிருந்து வரவில்லை என்று கொள்ளலாம்.

2. சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர்மீது ஐயம் கொள்ளலாம். பேரிங் எந்தச் சாலையிலும் ஏறக்குறைய ஒரேமாதிரிதான் முனகும். ஐயம் தீராவிட்டால் முன்டயர்களையும் பின்டயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர்தான். புதிய டயர் வாங்குமுன் நாங்கள் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

3. வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான் பழுது.

4. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாய்ண்ட் போன்ற வேறு பாகம்.

5. சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டு, மறுகையால் சுருள்வில்லைத் தொடுங்கள். பழுதான பேரிங்கின் கரகரப்பு விரலுக்குத் தெரியும். காதைவிட விரல் நம்பகமானது என்பார் அண்ணன். எங்கள் வண்டியில் முன்வலப்பக்கம் கரகரத்தது.

மாற்றும் முறை

பின்சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டை வையுங்கள். நடு அச்சின் பெரிய நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள். பழைய பேரிங்கை எப்படியும் தூக்கியெறியப் போகிறோம் என்பதால் இதில் நட்டமில்லை. பிறகு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டின்மேல் நிறுத்துங்கள். ஜேக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியபின், பிரேக் கேலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் குழாயில் எடை விழக்கூடாது. நக்கிளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் இடத்தை அடையாளமிட்டுக் கழற்றுங்கள். நக்கிளைப் பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து ஹப்பை வெளியே தள்ளுங்கள். பழைய உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தால் இழுப்பான் கொண்டு எடுங்கள். பூட்டுவளையத்தை நீக்கிப் பேரிங்கைத் தள்ளியபின் துளையைச் சுத்தமாகத் துடையுங்கள்.

இங்கேதான் நான் தவறினேன். அண்ணன் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் வருமுன் முடித்துக் காட்டும் ஆசையில், புதிய பேரிங்கின் உள்வளையத்தின்மேல் அழுத்தி அதை நக்கிளுக்குள் இறக்கினேன். சுலபமாக இறங்கியது. அவர் வந்து விரலைவிட்டுச் சுழற்றிப் பார்த்தார், கரகரத்தது. "தம்பி, இத ஒங்க அம்மாதானே ஓட்டுறாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் புதிய பேரிங் குப்பைக்குப் போனது.

காரணம் எளிது. இறுக்கம் இருப்பது வெளிவளையத்தில்; நான் அழுத்தியதோ உள்வளையத்தை. பிரஸ்ஸின் விசை முழுவதும் நடுவிலிருந்த குண்டுகளின் வழியே பாய்ந்து வளையத்தில் பள்ளம் பதித்துவிட்டது. ஆகவே, நக்கிளுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துங்கள். ஹப்பைப் புகுத்தும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கல் கொடுங்கள். விசை ஒருபோதும் குண்டுகளின் வழியே போகக்கூடாது.

பாகங்களைப் பூட்டியதும் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, புதிய பேரிங்மீது வண்டியின் எடை இறங்குமுன்பே அச்சு நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். புதிய கோட்டர் பின் போடுங்கள். இறுதியாகச் சக்கர அலைன்மென்ட்டைச் சரிபாருங்கள்.

நண்பர்களே, பிரஸ் இல்லாதவர்கள் இந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடலாம். ஆனால் மேற்சொன்ன ஐந்து சோதனைகளுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. எது பழுது என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போங்கள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது வானொலியைச் சற்று நிறுத்திவிட்டு, வீட்டு வண்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்தச் சத்தத்தோடு நாள்தோறும் பயணம் செய்பவர்கள் நம் பெற்றோராக இருக்கலாம்.