கட்டளைவரிச் செயலுருபுகளும் தமிழ்ச் சொல்தேடலும்

ஒரு நூலில் ஒரு சொல் பயின்றுவரும் இடங்களைப் பைத்தான் நிரலால் எண்ணும் ஆய்வாளர், கோப்பின் பெயரையும் தேடுசொல்லையும் நிரலுக்குள்ளேயே எழுதிவிடின் ஒவ்வொரு தேடலுக்கும் நிரலைத் திருத்த நேரும். அவற்றைக் கட்டளைவரியில் செயலுருபுகளாகத் தருவதே முறை.

நிரலின் பெயருக்குப் பின் குறுந்தொகைக் கோப்பின் பெயரையும் 'கொன்றை' என்பதையும் இடைவெளிவிட்டுத் தட்டச்சிட்டால், அவை சிஸ் கூறின் ஆர்க்வி பட்டியலில் வரிசையாக அமையும். சுட்டெண் 0 நிரலின் பெயருக்குரியது, 1 கோப்பு, 2 தேடுசொல். 'கொன்றை மலர்' என்னும் தொடரை மேற்கோள்குறிக்குள் தராவிடின் அது இரு செயலுருபுகளாகப் பிரியும்.

இவை எளிதில் புலப்படும் பிழைகள். புலப்படாத இடர் எழுத்துக் குறியீட்டில் உள்ளது. 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறி யுனிகோடில் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரு குறியீடுகளாகவும் பதிவாகலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கோ முன்னதன் நீளம் 2, பின்னதன் நீளம் 3. கோப்பு ஒருவகையிலும் செயலுருபு மறுவகையிலும் இருப்பின் விடை 0 என வரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. கொன்றை பயிலும் குறுந்தொகையில் கொன்றையே இல்லை என்னும் முடிவு ஆய்வேட்டில் ஏறிவிடும்.

எனவே ஒப்பிடுமுன் யுனிகோடுடேட்டா கூறின் நார்மலைஸ் சார்பால் இரண்டையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றல் வேண்டும். கோப்பை மட்டும் மாற்றிச் செயலுருபை விட்டுவிடின், பழைய வடிவில் தட்டச்சிட்ட தேடுசொல்லுக்கு மீண்டும் 0 என்றே விடை வரும்.