ஒரே குழியில் உறங்குவோர் உறவினரா?
அடக்கப் பதிவேடுகளும் குடும்ப வரலாறும்

ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது முதியோரின் நினைவையே. அந்நினைவு மூன்று தலைமுறைக்கு அப்பால் செல்வது அரிது. அதற்கு மேலும் செல்ல விழைவோர்க்கு ஏடுகளே துணை. அவற்றுள்ளும் இறந்தோரை அடக்கம் செய்த செய்தியைக் கூறும் ஏடுகள் தனிச்சிறப்புடையன. சொத்தில்லாதோர், கடிதம் எழுதி வையாதோர், பேசத் தொடங்குமுன்னரே மறைந்த மழலையர் ஆகியோரின் பெயரைச் சில வேளைகளில் அவ்வேடு ஒன்றே காத்து நிற்கிறது. எனினும், படிக்கும் முறை அறியாதோரை அது எளிதில் வழிதவறச் செய்துவிடும். இவ்வேடுகள் நெடுங்காலமாகப் பேணப்பட்டுவரும் இங்கிலாந்து நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அம்முறையை ஈண்டுக் காண்போம்.

பதிவேட்டின் வளர்ச்சி

எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராக விளங்கிய தாமஸ் கிராம்வெல், 1538ஆம் ஆண்டில், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பங்குக் கோயில்தோறும் ஏட்டில் எழுதிவைக்குமாறு ஆணையிட்டார். ஆயினும் இன்னின்ன செய்திகளை எழுத வேண்டும் என்ற ஒழுங்கு நெடுநாள் ஏற்படவில்லை. 1812ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையைப் போக்கிற்று. 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் இறந்தவர் பெயர், இருப்பிடம், அடக்க நாள், வயது, சடங்கை நடத்தியவர் பெயர் என்னும் ஐந்தும் இடம்பெற்றன. 1837 ஜூலை முதல் நாளன்று அரசின் இறப்புப் பதிவும் தொடங்கிற்று.

அக்காலத்தே இலண்டன் மாநகர மக்கள்தொகை பெருகிக் கோயில் முற்றங்கள் நிரம்பி வழிந்தன. எனவே 1833இல் கென்சல் கிரீன் தொடங்கி 1841இல் டவர் ஹாம்லெட்ஸ் ஈறாக ஏழு பெரிய கல்லறைத் தோட்டங்களைத் தனியார் நிறுவனங்கள் நகரைச் சூழ அமைத்தன. 1852 முதல் இயற்றப்பட்ட சட்டங்களின்வழி உள்ளூர் அடக்க வாரியங்களும் இப்பணியை மேற்கொண்டன. இத்தகைய தோட்டங்களில் நாள்வரிசையில் எழுதப்பட்ட அடக்க ஏட்டுடன், குழி எண்வரிசையில் எழுதப்பட்ட ஏடும் தோட்டத்தின் வரைபடமும் பேணப்பட்டன. ஆய்வாளர்க்குத் திறவுகோலாக அமைவது குழி எண்ணே. நாளேட்டில் ஒருவர் பெயரைக் கண்டு, அவருக்குரிய எண்ணைக் குறித்துக்கொண்டு, குழியேட்டைப் புரட்டினால், அதே குழியில் அடங்கியோர் அனைவரையும் ஒருங்கே காணலாம்.

மூவகைக் குழிகள்

இங்கேதான் பிழை நேர்கிறது. ஒரே எண்ணின்கீழ் ஐந்து பெயர்களைக் கண்டவுடன், ஐவரும் ஒரு குடும்பத்தாரே என்று முடிவுகட்டிவிடுகின்றனர். குழியின் வகையை அறியாமல் அம்முடிவுக்கு வருதல் தகாது.

முதலாவது, விலைகொடுத்து உரிமைபெற்ற குழி. அதில் யாரை அடக்கலாம் என்பதை முடிவுசெய்யும் தனியுரிமை வாங்கியவர்க்கு உண்டு. ஆதலின் அதில் உறங்குவோர் பெரும்பாலும் உறவினராவர். குடும்பப் பெயர் மாறிய மணமான மகளும், வீட்டில் நெடுநாள் பணிசெய்த முதியவரும் அங்கே இடம்பெறுதல் உண்டு.

இரண்டாவது, பொதுக்குழி. உரிமை வாங்க இயலாதோரை, அவர்கள் வந்த வரிசைப்படி, ஒருவர்மேல் ஒருவராக நிருவாகத்தினர் இதில் அடக்கினர். ஒருவர்க்கொருவர் முன்பின் அறியாதவர்களே இதில் சேர்ந்து கிடந்தனர். இத்தகைய குழிகள்மேல் பெரும்பாலும் நினைவுக்கல் இராது.

மூன்றாவது, இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. லீட்ஸ் நகரில் 1845இல் திறக்கப்பட்ட பெக்கெட் தெருக் கல்லறைத் தோட்டத்தில் ‘கின்னிக் கல்லறைகள்’ என வழங்குவன உள்ளன. ஒரு கின்னி, அதாவது 21 ஷில்லிங், செலுத்தினால் இறந்தவர் பெயர் கல்லில் பொறிக்கப்படும். ஆனால் அதே கல்லின் இருபுறமும் தொடர்பற்ற பிறர் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏழையர்க்கும் கல்லில் ஒரு பெயர் வேண்டும் என்ற ஏக்கத்தின் விளைவு அது. அக்கல்லை மட்டுமே நோக்குவோர் அயலாரை உறவாக்கிவிடுவர்.

படிக்கும் முறை

கருத்து விளங்குதற்பொருட்டு இரண்டு குழிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதற்குழியில் இருபது நாள்களுக்குள் ஆறுபேர் அடக்கம். இருப்பிடங்கள் ஆறும் வெவ்வேறு. அவற்றுள் ஒன்று ஏழையர் விடுதி. இரண்டாம் குழியில் முப்பதாண்டுகளில் நால்வர் அடக்கம். மூவர்க்கு ஒரே இருப்பிடம். முதலில் அடங்கியது ஏழுமாதக் குழந்தை. முன்னது பொதுக்குழி என்றும், பின்னது குடும்பக்குழி என்றும் கருத இடமுண்டு. கால இடைவெளி, இருப்பிடம், உரிமையாளர் பெயர் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கிய பின்னரே உறவை உறுதிசெய்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கு பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுவது. ஒரு கணக்கிற்குப் பின் பிறந்து, அடுத்த கணக்கிற்கு முன் இறந்த குழந்தை எக்கணக்கிலும் இடம்பெறாது. 1911ஆம் ஆண்டுக் கணக்கு, மணமான பெண்கள் ஈன்ற குழந்தைகளுள் இறந்தோர் எத்தனை பேர் என்று வினவிற்று; எண்ணிக்கை கிடைத்தது; பெயர் கிடைக்கவில்லை. அப்பெயரை அடக்க ஏட்டில் தேடலாம். மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது: ஏட்டில் உள்ளது அடக்க நாளேயன்றி இறந்த நாளன்று.

பொதுக்குழி கூடாது என்று கருதியோரும் இருந்தனர். 1854இல் திறக்கப்பட்ட புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தின் நிறுவனத்தார், ஏழையர்க்கும் தனிக்குழி என்பதைக் கொள்கையாகக் கொண்டனர். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த மர்மதூக் பிக்தால், அப்துல்லா யூசுஃப் அலி ஆகிய பெருமக்கள் இருவரும் முறையே 1936, 1953ஆம் ஆண்டுகளில் மறைந்து, இத்தோட்டத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டனர்.

நமக்குரிய பாடம்

ஒரு குழியில் பலரை அடக்குதல் இசுலாமிய வரலாற்றிலும் காணப்படுவதே. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் நிகழ்ந்த உஹதுப் போரில் உயிர்நீத்த தியாகிகளை, நெருக்கடி கருதி, ஒரு குழியில் இருவராக அடக்கச் செய்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குர்ஆனை மிகுதியாக அறிந்தவரை முன்வைக்கப் பணித்தார்கள். தம் தந்தை மற்றொருவருடன் ஒரே குழியில் இருப்பதற்கு மனம் ஒப்பாத ஜாபிர் (ரலி) அவர்கள், ஆறு மாதங்களுக்குப் பின் அவரைத் தனிக்குழிக்கு மாற்றிய செய்தியும் புகாரியில் பதிவாகியுள்ளது. எவர் எவருடன் அடங்கினார் என்பதை ஏடில்லாத அக்காலத்தும் அறிவிப்பாளர் மறவாது காத்தனர். அறிவிப்பே ஆங்கு ஏடாயிற்று.

நம் மையவாடிகளிலோ பெரும்பாலான கபுறுகள் பெயர் பொறிக்கப்படாதவை. முன்னடங்கியோர் மண்ணோடு மண்ணான பின் அவ்விடத்தை மீண்டும் பயன்படுத்த மார்க்கம் இடந்தருகின்றது. எனவே இடத்தைக் கொண்டு ஆளை அறிதல் இயலாது. ஜமாஅத்தின் ஏடே சான்று. ஒருவர் மற்றொருவர்க்கு வாரிசாக வேண்டுமெனில், அம்மற்றவர் இறக்கும்போது இவர் உயிருடன் இருந்திருத்தல் வேண்டும். கணவன், மனைவி இருவருள் முன் மறைந்தவர் எவர் என்ற ஒரு வினாவிற்கு விடை கிடைக்காமையால் பாகப்பிரிவினை தடைப்படக்கூடும். வமிசத்தைப் பிழையின்றிக் காத்தல் நம் கடமை என்பதும் நாம் அறிந்ததே.

1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் இறப்பைப் பதிவுசெய்தல் வேண்டும். அத்துடன் அமையாது, பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, இருப்பிடம், இறந்த நாள், அடக்க நாள், மையவாடியில் அடக்கிய பகுதி ஆகிய ஏழையும் ஜமாஅத் ஏட்டில் தவறாது எழுதச் செய்வோம். பெண்களை இன்னார் மனைவி என்று மட்டும் குறியாது அவர்தம் சொந்தப் பெயராலும், இறந்த குழந்தைகளை ‘குழந்தை’ என்று மட்டும் குறியாது இட்ட பெயராலும் எழுதச் செய்வோம். பழைய ஏடுகள் செல்லரித்துப் போகுமுன் அவற்றைப் படியெடுக்கும் பணியை ஊர்ப்பெரியோர் இசைவுடன் மாணவர்கள் மேற்கொள்வார்களாயின், வரும் தலைமுறையினர் தம் முன்னோரைப் பெயர்சொல்லி நினைந்து துஆச் செய்ய வழி பிறக்கும்.