தொட்டால் அசையாத போன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2015 ஆகஸ்டில் ஷியோமி, இந்தியாவில் தயாரித்த தன் முதல் போனை வெளியிட்டது. அதை உருவாக்கிய ஃபாக்ஸ்கான் ஆலை இருப்பது தடா பக்கத்து ஸ்ரீசிட்டியில். அன்று அது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலில் இருந்து திருப்பதி மாவட்டம். திருப்பதிக்கு அருகே விக்ருதமாலாவில் டிசிஎல் திரைகளையே தயாரிக்கிறது. போனும் திரையும் பிறக்கிற மண்ணில் அவற்றைப் பற்றிய கட்டுக்கதை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியொன்றும் இல்லை. ரேணிகுண்டா ஜங்ஷனில் கேட்பதும் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் கேட்பதும், ஆம்பூரிலும் ஆவடியிலும் கேட்கிற அதே கதைகள்தான்.

"டச் வேலை செய்யலையா? அப்போ டிஸ்ப்ளே போச்சு."

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நாமே சொல்லிவிடுகிற தீர்ப்பு இது. அசையாத திரைக்குப் பின்னால் இரண்டு வேறு நோய்கள் இருக்கலாம். ஒன்றில் போனின் மூளை திணறி நிற்கிறது: முரண்டு பிடிக்கும் ஆப், நிரம்பி வழியும் ஸ்டோரேஜ், பாதியில் நின்ற அப்டேட். இன்னொன்றில் மூளை சௌக்கியம், தோல்தான் மரத்துப்போயிருக்கிறது. முதலாவதுக்குப் பெரும்பாலும் பைசா செலவில்லை. இரண்டாவது ஆயிரங்களில் போய் நிற்கும். எது என்று பார்க்காமல் கடைப்படி ஏறினால் காசு வீணாக வாய்ப்பு அதிகம்.

பார்ப்பதும் எளிது. பவர் பட்டனைத் தட்டினால் திரை அணைந்து எரிகிறதா? வால்யூமை அழுத்தினால் பட்டை வருகிறதா? பக்கத்திலிருப்பவரை அழைக்கச் சொன்னால் மணி அடித்துப் பெயர் தெரிகிறதா? இவ்வளவும் நடந்து, விரலுக்கு மட்டும் பதில் இல்லையென்றால் தோலில் கோளாறு. எதற்குமே அசையாமல், கடிகாரம்கூடப் பழைய நேரத்திலேயே நின்றால் மூளை சிக்கியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் முதலில் ஒரு ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். டச் சிப்பை இயக்கும் மென்பொருளும் சில சமயம் சிக்கிக்கொள்ளும்.

"ரீஸ்டார்ட் பண்ணா போட்டோவெல்லாம் அழிஞ்சுடும்."

அழியாது. ஃபேக்டரி ரீசெட்டையும் இதையும் குழப்பிக்கொள்வதால் வந்த பயம் இது. பேட்டரியைக் கழற்றி மாட்டிய காலம் போய்விட்டது. இப்போது பட்டனைப் பிடித்தே அதைச் செய்கிறோம். சாம்சங்கில் பவரையும் வால்யூம் டவுனையும் சேர்த்து ஏழு விநாடிக்கு மேல் பிடிக்கவேண்டும். பல ரெட்மி போன்களில் பவர் பட்டனை மட்டும் பத்து விநாடிக்கு மேல் பிடித்தால் போதும். ஐபோன் 8-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் வால்யூம் அப்பை ஒரு தட்டு, வால்யூம் டவுனை ஒரு தட்டு, பிறகு ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கத்துப் பட்டனைப் பிடிக்கவேண்டும். பலரும் மூன்று விநாடியில் கையை எடுத்துவிட்டு "வரலியே" என்கிறார்கள்.

ரீசெட் வேறு சங்கதி. அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். ஆண்ட்ராய்டில், பட்டன் வழியாக ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டையும் கேட்கும். டச்சே இல்லாத போனில் அதை எப்படித் தட்டுவது? தோல் மரத்துப்போன போனை ரீசெட் செய்வதால் தோல் திரும்பாது, படங்கள்தான் போகும்.

"தண்ணியில போடவே இல்ல, எப்படி டச் போகும்?"

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. சட்டைப் பையில் போன், மேலெல்லாம் வியர்வை. வழியிலுள்ள காலிகோபுரம் தாண்டும்போது போன் தானாகவே யாரையோ அழைக்கும், ஆப்கள் தாமாகத் திறந்து மூடும், பிறகு ஒன்றுமே அசையாது. "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று அங்கேயே ஒரு கதை பிறக்கும்.

கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் கொஞ்சம் மாறும். விநாடிக்குப் பலமுறை வருடிப் பார்க்கும் சிப் அந்த மாற்றத்தை வைத்தே "இங்கே விரல்" என்று முடிவு செய்கிறது. உப்புக் கரைந்த வியர்வைத் துளியும் அதே மாற்றத்தைச் செய்துவிடும். எனவே துளி ஒவ்வொன்றும் ஒரு விரல். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஈரக் கையாலும் இதே கூத்து நடக்கும். லட்டு நெய் அப்படியில்லை. எண்ணெய்ப் பசை மின்சாரத்தைக் கடத்தாது, திரையை அழுக்காக்குவதோடு சரி. திரையை அணைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, விரலையும் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையிலேயே தண்ணீர் உள்ளே போயிருந்தால் அரிசி மூட்டையில் புதைப்பது வீண். அரிசித் துகள் போனைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அணைத்து, சார்ஜ் போடாமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பெட்டியில் ஐபி68 என்று போட்டிருப்பதும் நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில், புதுப் போனுக்குச் சொன்ன கணக்கு.

"கவுண்டர்ல குடுத்துட்டு வாங்கினதிலிருந்துதான் இப்படி."

திருமலைக் கோயிலுக்குள் போன் அனுமதி இல்லை என்பதால் ஒப்படைத்துவிட்டுத்தான் வரிசைக்குப் போகிறோம். திரும்பி வந்து ஆன் செய்ததும் நாள் முழுக்கச் சேர்ந்த வாட்ஸ்அப் செய்திகள் ஒரேயடியாக வந்து விழும். நினைவகம் நிரம்பிய பழைய போன் அதில் மூச்சுத்திணறுவது இயல்பு. பொறுமையில்லாமல் இருபது தடவை தட்டினால் அந்த இருபதும் வரிசையில் நிற்கும். ஐந்து நிமிடம் கீழே வையுங்கள்.

வெயிலும் உண்டு. மே மாதத்தில் திருப்பதி 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஐபோன்களுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வரம்பே 35 டிகிரிதான். கார் டேஷ்போர்டில் கிடந்த போன் திரையை மங்கலாக்கும், வேகத்தைக் குறைக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும். நிழலில் ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்து, இல்லாத நோய் வந்து சேரும்.

"சார்ஜ் போட்டா மட்டும் திரை தானா ஆடுது, போன் போச்சு."

சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மலிவு சார்ஜரில் மின் இரைச்சலை வடிகட்டும் பாகங்கள் சரியாக இருக்காது. அந்த இரைச்சல் டச் சிப்பைக் குழப்பும். வயரைப் பிடுங்கியதும் சரியாகிறதென்றால் குற்றவாளி சார்ஜர்தான்.

"அழுத்தித் தொட்டாதான் கேக்கும்."

நோக்கியா 5800 காலத்து அழுத்தத் திரைக்கு அது சரி. இப்போதைய திரைக்கு அழுத்தம் கணக்கே இல்லை. மாந்தோப்பிலும் வெல்ல ஆலையிலும் உழைத்துக் காய்ப்பு ஏறிய உலர்ந்த விரலைத் திரை கண்டுகொள்ளாமல் விடுவதுண்டு. "என் போன்ல டச் சரியில்ல தம்பி" என்று சித்தூர்க் கடையில் பெரியவர் நீட்டும் போனைக் கடைப் பையன் வாங்கித் தட்டினால் உடனே வேலை செய்யும். அவருக்கோ அவமானமாகிவிடும். விரலின் பக்கவாட்டால் தொடலாம், லேசாக ஈரப்படுத்திக்கொள்ளலாம், செட்டிங்ஸில் டச் சென்சிடிவிட்டி இருந்தால் கூட்டிவிடலாம்.

பேஸ்ட் தடவித் தேய்ப்பது, உள்ளங்கையில் தட்டுவது எல்லாம் பேச வேண்டாதவை. பேஸ்ட் திரையின் எண்ணெய் எதிர்ப்புப் பூச்சைத்தான் சுரண்டும்.

"டச் போச்சுன்னா உள்ள இருக்கறதும் போச்சு."

எனக்கு வருத்தம் தருவது இதுதான். குழந்தையின் படங்களை இப்படிக் கைவிட்டவர்கள் உண்டு. ஓடிஜி அடாப்டர் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டருக்குப் போடும் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வந்துவிடும். அதை வைத்தே பேட்டர்ன் போட்டு, படங்களை கூகுள் போட்டோஸுக்கு அனுப்பலாம். ஓப்போ, விவோ, ரியல்மி போன்கள் பலவற்றில் செட்டிங்ஸில் ஓடிஜியை முன்பே ஆன் செய்திருக்க வேண்டும், அதுவும் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். அதனால் டச் அவ்வப்போது வந்து போகிற கட்டத்திலேயே பேக்கப் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இதற்குப் பிறகும் தோல்தான் என்று உறுதியானால் கடைக்குப் போகத்தான் வேண்டும். "டச் மட்டும் மாத்துங்க" என்றால் கடைக்காரர் "காம்போவாதாண்ணா வரும்" என்பார். பொய் சொல்லவில்லை, இன்றைய போன்களில் டச் அடுக்கு டிஸ்ப்ளேவோடு ஒட்டியோ அதற்குள்ளேயோ இருக்கிறது. ஆனால் காம்போ மாற்றினால் தீர்ந்தது என்பதும் நிச்சயமில்லை. ஐபோன் 6 பிளஸில் திரை மாற்றியும் டச் மறுபடி போனது. கோளாறு போர்டில் இருந்த சிப்பில். 2016 நவம்பரில் ஆப்பிள் அதற்கென்றே ரிப்பேர் திட்டம் அறிவித்தது. இரண்டாண்டு கழித்து ஐபோன் X-க்கு வந்த திட்டத்தில் கோளாறு திரை மாட்யூலிலேயே இருந்தது.

கடையை விட்டு இறங்கும் முன் ஓர் ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, திரையின் நாலு மூலைக்கும் இழுத்துப் பாருங்கள். எங்காவது கையை விட்டு நழுவினால் அங்கே டச் செத்திருக்கிறது. யாரையாவது அழைத்துக் காதருகே கொண்டுபோனால் திரை அணைய வேண்டும். திரைக்குள் கைரேகை வைக்கும் போனென்றால் அதையும் சோதியுங்கள். அமோலெட்டுக்குப் பதில் எல்சிடி காப்பி போட்டிருந்தால் கைரேகை அங்கேயே மாட்டிக்கொடுத்துவிடும். பில்லில் வாரண்டி நாளை எழுதி வாங்குங்கள். தகராறு என்று வந்தால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைக்கும்போது முதலில் கைகொடுப்பது அந்தத் துண்டுச் சீட்டுதான்.